அடுப்புப் புகையும் மின்கட்டண அட்டையும்: ஒரு குடும்பக் கணக்கு

அம்மாவின் இருமல் மூன்றாவது ஆண்டாக நிற்காமல் இருந்தபோது மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டவர், "வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடிக்கிறார்களா?" என்றார். யாரும் இல்லை என்றோம். இருமல் மருந்து எழுதிக் கொடுத்தார். ஒன்றரை ஆண்டு கழித்து வேறொரு மருத்துவர்தான் சரியான கேள்வியைக் கேட்டார்: "விறகடுப்பில் எத்தனை வருஷம் சமைத்தீர்கள்?" அம்மா விரல்விட்டு எண்ணினார். பதினாறு வயதில் கல்யாணம். வீட்டுக்குக் கேஸ் வந்தது நாற்பத்தொன்றில். இருபத்தைந்து வருஷம்.

அப்பா ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தார். பால், மளிகை, பஸ், பள்ளிக்கூடம், மருந்து என்று எல்லாமே அதில் இருக்கும். விறகுக்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. சீமைக் கருவேல முள்ளை அம்மாவே வெட்டிக் காயவைத்துக் கட்டித் தூக்கி வருவார். காசு கொடுத்து வாங்காத பொருளை நோட்டில் எப்படி எழுதுவது? அந்த விறகின் விலை 'மருந்து' என்ற வரியில் ஏறிக்கொண்டிருந்தது. அது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

காற்று மாசு, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி போன்ற சொற்களைச் செய்தித்தாளில் பார்த்ததும் அது யாரோ விஞ்ஞானிகளின் விஷயம் என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். ஒரு வீட்டின் மருத்துவச் செலவு, கூலி, மின்கட்டணம், சிலிண்டர் விலை ஆகிய நான்கையும் ஒரே நோட்டில் எழுதிப் பார்த்தால் அது நம் வீட்டு விஷயம்தான் என்று தெரிந்துவிடும். இந்தக் கட்டுரையில் அப்படித்தான் எழுதிப் பார்க்கப் போகிறேன்.

புகைக்குள் என்ன இருக்கிறது?

விறகு முழுமையாக எரிந்தால் மிஞ்சுவது பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியும்தான். வீட்டு அடுப்பில் அப்படி எரிவதில்லை. விறகில் ஈரம் இருக்கும், காற்று போதாது. அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு, பென்சீன் போன்ற வாயுக்களும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களும் வெளிவருகின்றன. ஊதுகுழலை வாயில் வைத்துக் குனியும் பெண்ணின் முகத்துக்கு நேராகத்தான் அவை வருகின்றன.

இந்த நுண்துகள்களில் மோசமானவற்றை 'பிஎம் 2.5' என்கிறார்கள். 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத அளவுள்ள துகள்கள். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு, முப்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்து வெளியே தள்ளிவிடும். இந்தச் சிறிய துகள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும், சில இரத்தத்திலும் கலந்துவிடும். அதனால்தான் புகையால் வரும் நோய் இருமலோடு நிற்பதில்லை. மாரடைப்பு, பக்கவாதம், குழந்தைகளுக்கு நிமோனியா, பெரியவர்களுக்கு நாள்பட்ட மூச்சடைப்பு, நுரையீரல் புற்றுநோய் என்று பட்டியல் நீளும். கண்புரையோடும் தொடர்பு இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது.

அளவு தெரிந்தால் நன்றாக விளங்கும். ஒரு கன மீட்டர் காற்றில் இந்த நுண்துகள் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021ல் வரையறுத்தது. இந்திய அரசு 2009ல் வகுத்த வரம்பு 40. புகைபோக்கி இல்லாத விறகடுப்பு எரியும் சமையலறையில், சமைக்கும் நேரத்தில் மட்டும் இது பல நூறுக்குப் போய்விடும். உலகில் இன்னும் 210 கோடிப் பேர் இப்படிப்பட்ட அடுப்புகளில் சமைக்கிறார்கள். வீட்டுக்குள் உண்டாகும் புகையால் 2020ல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது அதே நிறுவனத்தின் மதிப்பீடு.

நோய் எப்படிப் பணமாகிறது?

அரசு மருத்துவமனையில் எல்லாம் இலவசம்தானே என்று கேட்கலாம். தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகள் உண்மையிலேயே பெரிய கொடை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மருந்து இலவசமாகக் கிடைத்தாலும் நோய்க்குச் செலவு உண்டு.

நாள் கூலிக்குப் போகும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு இரவில் இளைப்பு. விடியற்காலை முதல் பஸ்ஸில் அம்மா கிளம்புகிறார், அன்றைய கூலி போயிற்று. தூக்கிக்கொண்டு வர ஒரு துணை வேண்டும் என்று அப்பாவும் கூடப் போகிறார். இரண்டு கூலி போயிற்று. புறநோயாளி வரிசை, சீட்டு, ஆவி வைத்தல், மறுபடியும் பஸ். வாசலில் டீயும் பன்னும். வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை. இந்த ஒரு நாளுக்கு எந்த ரசீதும் கிடையாது. மாதத்துக்கு இரண்டு முறை இப்படி நடந்தால் நான்கு கூலி காணாமல் போகிறது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் போன்றவை பெரும்பாலும் படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கானவை. நாள்பட்ட மூச்சடைப்போ வாசலுக்கும் வீட்டுக்குமாக ஆண்டுக்கணக்கில் அலையவைக்கும் நோய். அரசு மருத்துவமனை தொலைவில் இருக்கிறது என்று தெருமுனை மருந்துக் கடையில் இன்ஹேலர் வாங்குபவர்கள் ஏராளம். கையில் காசு இல்லாத மாதத்தில் கம்மல் அடகுக்குப் போகும். அடகுக் கடை வட்டியும் புகையின் விலைதான், ஆனால் அதை யாரும் அப்படி எழுதிவைப்பதில்லை.

இன்னொரு இழப்பும் உண்டு, நோட்டில் எழுதவே முடியாதது. மூச்சு வாங்கும் பெண் நாற்று நடப் போனால் வரிசையில் பின்தங்குவார். அடுத்த முறை மேஸ்திரி அவரைக் கூப்பிடமாட்டார். அம்மாவுக்கு இது நடந்தது. வயதாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தாறு.

கேஸ் வந்தால் தீர்ந்ததா?

பெருமளவு தீரும். முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். சமையல் எரிவாயு 'சுத்தமான எரிபொருள்'. ஆனால் அது 'புதுப்பிக்கத்தக்க எரிசக்தி' அல்ல. பெட்ரோலியத்திலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் பிரித்தெடுக்கப்படுவது, ஒருநாள் தீரக்கூடியது. ஆனால் சமையலறைக்குள் அது புகையை ஏறக்குறைய இல்லாமல் செய்துவிடுகிறது. மூச்சுவிடும் மனுஷிக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.

தமிழ்நாட்டில் 2006ல் தொடங்கிய ஆட்சிக்காலத்தில் இலவச எரிவாயு இணைப்பும் அடுப்பும் கொடுத்தார்கள். ஏழை வீட்டுப் பெண்களுக்கு எரிவாயு இணைப்பு தரும் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்று தொடங்கியது. 2019-21ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, சுத்தமான எரிபொருளில் சமைக்கும் வீடுகள் நாடு முழுவதும் 58.6 சதவீதம். தமிழ்நாட்டில் பத்தில் எட்டு வீட்டுக்கும் மேல்.

ஆனால் இணைப்பு இருப்பதும் அதையே பயன்படுத்துவதும் வேறு வேறு. சிலிண்டர் தீரப்போகிறது என்றதும் பின்கட்டு அடுப்பு மறுபடி எரியத் தொடங்கும். பாலுக்கும் டீக்கும் கேஸ், சோற்றுக்கும் வெந்நீருக்கும் விறகு என்று பிரித்துக்கொள்ளும் வீடுகளை எந்தக் கிராமத்திலும் பார்க்கலாம். சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 2025 ஏப்ரல் விலையேற்றத்துக்குப் பின் 868 ரூபாய் 50 காசு ஆனது. உஜ்வலா இணைப்பு உள்ளவர்களுக்கு 300 ரூபாய் மானியம் உண்டு. அந்த மானியம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். சிலிண்டர் வாசலில் இறங்கும்போது முழுத் தொகையையும் எண்ணிக் கொடுத்தாக வேண்டும். அந்த நாளில் அந்தப் பணம் கையில் இருக்கிறதா என்பதுதான் புகையைத் தீர்மானிக்கிறது.

ஆராய்ச்சி சொல்வதை உள்ளபடி சொல்ல வேண்டும். விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளிலும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளிலும் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. இந்தியப் பகுதியைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நடத்தினார்கள். கேஸ் பெற்ற பெண்கள் சுவாசித்த நுண்துகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் 2022ல் வெளியான முடிவில், குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை. கேஸ் வீண் என்று இதற்குப் பொருளில்லை. எடை கூடுவதற்குச் சத்துணவும் வேண்டும், இரத்தசோகை நீங்க வேண்டும், பக்கத்து வீட்டுப் புகையும் ஓய வேண்டும். அடுப்பை மட்டும் மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. எந்தத் தாயும் மூன்று பங்கு புகையைச் சுவாசித்துக்கொண்டு சமைக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் உறுதியாக நம்புகிறேன்.

நம் வீட்டு விளக்கும் எண்ணூர்ச் சாம்பலும்

மின்சார அடுப்பில் புகையே இல்லையே, எல்லோரும் அதற்கு மாறிவிட்டால் என்ன? நல்ல கேள்விதான். சமையலறையில் புகை இருக்காது. ஆனால் இரவு ஏழு மணிக்கு நாம் அழுத்தும் சுவிட்சின் மறுமுனையில் பெரும்பாலும் ஓர் அனல்மின் நிலையம் எரிந்துகொண்டிருக்கிறது.

வடசென்னையில் எண்ணூர் கழிமுகத்தைச் சுற்றி அப்படிப்பட்ட நிலையங்கள் வரிசையாக நிற்கின்றன. 1970ல் தொடங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017ல் மூடப்பட்டுவிட்டது. முதல் இரண்டு கட்டங்களில் மட்டும் 1,830 மெகாவாட் திறனுள்ள வடசென்னை அனல்மின் நிலையமும் 1,500 மெகாவாட் வல்லூர் நிலையமும் இயங்குகின்றன. இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம்; நூறு கிலோ எரித்தால் முப்பது கிலோவுக்கு மேல் சாம்பல் மிஞ்சுவது சாதாரணம். அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் கசிந்த இடங்களில் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்தது. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

ஆற்றில் சாம்பல் படிந்தால் ஒரு வீட்டுக்கு என்ன ஆகும்? அந்தக் கழிமுகத்தில் படகில் வலை வீசுபவர்கள் உண்டு. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு முதலீடு எதுவும் கிடையாது. ஆற்றின் அடிமண்தான் முதல். அந்த மண்மீது சாம்பல் ஒரு படலமாகப் படிந்தால் ஆழம் குறைகிறது, இறால் தங்குவதில்லை, கால் வைத்தால் சேற்றில் புதைகிறது. வருமானம் அங்கேயே நின்றுவிடுகிறது. கரையில் உள்ள வீட்டின் கொடியில் காயும் துணியிலும் அதே சாம்பல் வந்து விழுகிறது. மாசு ஒரே வீட்டுக்குள் இரண்டு வாசல் வழியாக நுழைகிறது: ஒன்று மூச்சு, மற்றொன்று வேலை.

சென்னையில் ஏசி ஓடும் வீட்டின் மின்கட்டண அட்டையில் இந்தச் செலவு இல்லை, அது எண்ணூர்க் குப்பத்து வீட்டில் எழுதப்படுகிறது. அனல்மின் நிலையங்கள் வெளிவிடும் கந்தக டை ஆக்சைடைக் கட்டுப்படுத்த மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. அதன் கெடு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. ஒவ்வொரு நீட்டிப்பும் யாரோ ஒருவரின் நுரையீரலில் வைத்த கடன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காற்றும் வெயிலும்

எடுக்க எடுக்கத் தீராமல் இயற்கையே மறுபடி நிரப்பிக்கொடுக்கும் ஆற்றலைப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்கிறோம். வெயில், காற்று, ஓடும் தண்ணீர், சாணமும் வேளாண் கழிவும் தரும் எரிவாயு. இதில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த பெரிய வரம் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பீய்ச்சிக்கொண்டு வருவதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள். மே முதல் செப்டம்பர் வரை அவை ஓயாமல் சுழலும். அந்த மாதங்களில் காற்றிலிருந்து வரும் ஒவ்வொரு யூனிட்டும் நிலக்கரியில் எரிக்க வேண்டியிருந்த ஒரு யூனிட்டை மிச்சப்படுத்துகிறது. முப்பந்தலில் சுழலும் இறக்கைக்கும் எண்ணூரில் ஒரு குழந்தையின் மூச்சுக்கும் உள்ள தொடர்பு அவ்வளவுதான், அவ்வளவு நேரடியானது.

குறைகளும் இருக்கின்றன. வெயில் மாலையில் போய்விடும், காற்று ஐப்பசியில் ஓய்ந்துவிடும். சேமித்து வைக்கும் ஏற்பாடு பெருகும்வரை நிலக்கரியை முழுதாக விடமுடியாது. நிலமும் வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016ல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்திருக்கிறது. இப்படி ஓர் இடத்தில் நிலம் விற்றவருக்குப் பணம் கிடைக்கும். அதே நிலத்தில் ஆடு மேய்த்தவருக்கும் மிளகாய் பறிக்கப் போனவருக்கும் என்ன கிடைக்கும்? தூய மின்சாரம் என்ற பெயரே இந்தக் கேள்விக்குப் பதில் ஆகிவிடாது.

மொட்டை மாடியில் வைத்தால் எவ்வளவு மிச்சம்?

இப்போது பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் தகடு நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். நிழல் விழாத சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். பகலில் உற்பத்தியாகி மிஞ்சும் மின்சாரம் மின்வாரியக் கம்பிக்குப் போகும், இரவில் அங்கிருந்து வீட்டுக்கு வரும். போனதையும் வந்ததையும் கழித்துப் பார்க்க இருவழி மீட்டர் பொருத்துவார்கள். பலர் ஏமாந்துபோகும் ஒரு விஷயம்: பேட்டரி இல்லாமல் இப்படிக் கம்பியோடு இணைத்த சோலார், மின்வெட்டின்போது வேலை செய்யாது. கம்பியில் பழுது பார்க்கும் ஊழியர்மேல் மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகக் கருவி தானாகவே நின்றுவிடும்.

பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம்.

இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் ஓடும் ஒரு வீடு. 2022 செப்டம்பர் கட்டணப்படி கணக்குப் போடுகிறேன். பிறகு கட்டணம் சிறிது ஏறியிருக்கிறது. முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டிய வீடு என்பதால் 101 முதல் 400 வரை முழுவதும் நாலரை ரூபாய் வீதம் 1,350. அடுத்த நூறு 6 ரூபாய் வீதம் 600. கடைசி நூறு 8 ரூபாய் வீதம் 800. மொத்தம் 2,750 ரூபாய். இரண்டு கிலோவாட் தகடு இரண்டு மாதத்தில் தரும் 480 யூனிட்டைக் கழித்தால் மிஞ்சுவது 120. 500ஐத் தாண்டாத வீட்டுக்கு 101 முதல் 200 வரை வீதம் குறைவு; நூறுக்கு மேல் இருபது யூனிட், இரண்டேகால் ரூபாய் வீதம் 45 ரூபாய். ஆண்டுக்குப் பதினாறாயிரம் ரூபாய் மிச்சம். தகடு, கருவி, கூலி எல்லாம் சேர்த்து 1,30,000 ஆகிறது என்று வைத்துக்கொண்டால், மானியம் போக 70,000. நாலரை ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். தகடு இருபத்தைந்து ஆண்டு உழைக்கும்.

இப்போது இன்னொரு வீடு. ஒரு மின்விசிறி, இரண்டு பல்பு, டிவி, மிக்சி, சின்ன ஃபிரிட்ஜ். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட். கட்டணம்: எண்பது யூனிட்டுக்கு இரண்டேகால் ரூபாய் வீதம் 180 ரூபாய். ஆண்டுக்கு 1,080. இந்த வீட்டின் கூரையில் ஒரு கிலோவாட் வைத்தால், மானியம் போகக் கையிலிருந்து போடும் முப்பத்தைந்தாயிரம் திரும்ப முப்பது ஆண்டுக்கு மேல் ஆகும். கூரை ஓடாகவோ ஆஸ்பெஸ்டாஸாகவோ இருந்தால் தகட்டை ஏற்றுவதே சிரமம். வாடகை வீடாக இருந்தால் பேச்சே இல்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். பெரிய கட்டணம் கட்டும் வீட்டுக்குச் சோலார் பணத்தை மிச்சப்படுத்துகிறது. புகையைச் சுவாசிக்கும் வீடோ பெரும்பாலும் சின்னக் கட்டணம் கட்டும் வீடு. ஆதாயம் ஒரு வாசலுக்கும் புகை இன்னொரு வாசலுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. மானியத் திட்டத்தை வகுப்பவர்கள் இந்த இரண்டு வாசலையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டும்.

சின்ன வீட்டுக்கு எது உதவும்?

அந்த 180 யூனிட் வீட்டுக்கு மாடித் தகட்டைவிட உடனே உதவக்கூடியது இண்டக்‌ஷன் அடுப்பாக இருக்கலாம். ஒரு சிலிண்டரில் உள்ள வெப்பம், அடுப்பில் வீணாவது போகப் பாத்திரத்துக்குச் சேர்வதைக் கணக்கிட்டால், ஏறத்தாழ 120 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இரண்டு மாதத்துக்கு ஒரு சிலிண்டர் செலவாகும் வீடு மின்சாரத்துக்கு மாறினால் 180 யூனிட் 300 ஆகும். இருநூறுக்கு மேல் யூனிட்டுக்கு நாலரை ரூபாய் என்பதால் கூடுதல் கட்டணம் 495 ரூபாய். அந்த 2025 விலையில் சிலிண்டர் 868. மானியம் பெறும் வீட்டுக்கு வித்தியாசம் குறைவு என்றாலும், முழுத் தொகையை ஒரே நாளில் புரட்ட வேண்டிய கஷ்டம் இல்லை. மண்சட்டியும் சாதாரண அலுமினியப் பாத்திரமும் அதில் சூடாகாது, அடிப்பாகம் தட்டையான இரும்பு அல்லது ஏற்ற எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். பழைய வீட்டு வயரிங் 2,000 வாட்டைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். முடிந்தவரை பகலில் சமைப்பது நல்லது, வெயில் மின்சாரம் கம்பியில் நிறைய ஓடும் நேரம் அது.

இன்னொரு வழியை ஒரு கிராமமே செய்து காட்டியது. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் மின்கட்டணம் கட்டியே ஊராட்சிப் பணம் கரைந்துகொண்டிருந்தது. ஆர். சண்முகம் தலைவராக இருந்தபோது, ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனும் வாங்கி, ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் செலவில், 2006ல் உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவினார்கள். ஊருக்குத் தேவையான மின்சாரம் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்தில் கடனை அடைத்தார்கள். காற்றாலை நிற்கும் இடம் ஓடந்துறையில் இல்லை என்பதைக் கவனியுங்கள். காற்று எங்கே அடிக்கிறதோ அங்கே வைத்து, பயன் எங்கே வேண்டுமோ அங்கே எடுத்துக்கொண்டார்கள். சொந்தக் கூரை இல்லாத குடும்பத்துக்கும் இப்படித்தான் பங்கு கொடுக்க முடியும். பல வீடுகள் சேர்ந்து ஓரிடத்தில் சோலார் வைத்து, கட்டணத்தில் பங்கிட்டுக் கழித்துக்கொள்ளும் முறைக்கு டில்லியில் 2019லேயே விதிமுறை வந்தது. ஒண்டிக்குடித்தன வீடுகள் நிறைந்த நம் ஊர்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று நினைத்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அட்டையில் இரண்டு மாதத்துக்குச் சராசரி 340 யூனிட். சமையலறையில் கேஸ் வந்த பிறகும் வெந்நீருக்குப் பின்கட்டில் விறகடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது, அதுவும் அம்மா படுக்கும் அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே. இத்தனை ஆண்டு அது யாருக்கும் உறைக்கவில்லை. போன மாதம் அதை இடித்து, கிணற்றடிக்கு அப்பால் தள்ளிக் கட்டினோம். செங்கல் பழையது, கொத்தனார் கூலி மட்டும்தான் செலவு. ஒரு வாளித் தண்ணீரைச் சுடவைக்க அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும் என்பதால் அதையும் மின்சாரத்துக்கு மாற்றி, இரண்டு கிலோவாட் தகடு வைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். பணம் திரும்ப ஏழு ஆண்டுக்கு மேல் ஆகும். பரவாயில்லை.

அளவெடுக்க வந்தவர், கிழக்குப் பக்கத்து வேப்பமரம் பத்து மணி வரை நிழல் கொடுக்கிறது, வெட்டிவிட்டால் நல்லது என்றார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. தகடுகளை மேற்கு ஓரத்துக்கு மாற்றி வேறு படம் வரைந்து தரச் சொல்லியிருக்கிறேன்.